நகரசபையில் கேமரா: கதவு எவ்வளவு திறந்திருக்கிறது?

டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியின் நடுவே அமைந்துள்ள பிராண்டே, ஏறத்தாழ 7,000 பேர் வாழும் சிறிய ஊர். அபிராமி அம்மன் ஆலயம் இங்கு அமைந்திருப்பதால், ஐரோப்பியத் தமிழர்கள் பலருக்கு இவ்வூர் அறிமுகமானது. 2019ஆம் ஆண்டில் இதன் பெயர் உலகச் செய்திகளிலும் அடிபட்டது. பிராண்டேயைத் தலைமையிடமாகக் கொண்ட பெஸ்ட்செல்லர் ஆடை நிறுவனம் 320 மீட்டர் உயரமான கோபுரம் ஒன்றைக் கட்டுவதற்கு முன்வைத்த திட்டத்துக்கு, அந்த ஆண்டில் இக்காஸ்ட்-பிராண்டே நகரசபை ஒப்புதல் அளித்தது.

லண்டனின் ஷார்ட் கோபுரத்தை விடவும் உயரமான அந்தக் கட்டடம் இதுவரை எழுப்பப்படவில்லை. ஆனால் ஓர் ஊரின் தோற்றத்தையே மாற்றக்கூடிய முடிவை எடுக்கும் அதிகாரம், நாடாளுமன்றத்திடம் அல்லாமல் 23 உறுப்பினர்களைக் கொண்ட ஓர் உள்ளூர் மன்றத்திடம் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அத்தகைய மன்றம் கூடிப் பேசுவதை வீட்டிலிருந்தபடியே மக்கள் பார்க்க வழி இருக்க வேண்டுமா என்ற கேள்வி இதனால்தான் முக்கியத்துவம் பெறுகிறது.

2007ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்னர் பிராண்டேக்கு எனத் தனியாக நகரசபை இருந்தது. அன்று நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் டென்மார்க்கின் 271 உள்ளூராட்சி அமைப்புகளை 98 ஆகக் குறைத்தது. பிராண்டே, இக்காஸ்ட், நோர ஸ்னேட ஆகிய மூன்றும் ஒன்றாக இணைக்கப்பட்டன. புதிய நகரசபையின் தலைமையிடம் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இக்காஸ்ட்டில் அமைந்தது. இரவு வேலைக்குச் செல்பவருக்கும், கைக்குழந்தையுள்ள தாய்க்கும், வாகனம் ஓட்ட இயலாத முதியவருக்கும் 20 கிலோமீட்டர் என்பது சிறிய தூரம் அல்ல.

டென்மார்க்கின் உள்ளூராட்சிச் சட்டப்படி நகரசபையின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. எவரும் பார்வையாளர் வரிசையில் அமரலாம். விவகாரத்தின் தன்மை கருதித் தேவை எனக் கண்டால் மட்டுமே கதவை மூடி விவாதிக்கலாம். தனிநபர் தொடர்பான விடயங்களும் நிலக் கொள்முதல் பேரங்களும் இவ்வகையில் அடங்கும்.

ஆனால் கூட்டம் திறந்திருக்க வேண்டும் என்பதும் அது ஒளிபரப்பாக வேண்டும் என்பதும் ஒன்றல்ல. ஒளிபரப்புவதா, பதிவை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பவற்றை அந்தந்த நகரசபையே தீர்மானிக்கிறது. கோப்பன்ஹேகன், ஓர்ஹூஸ் உள்ளிட்ட பல நகரசபைகள் தமது கூட்டங்களை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பி வருகின்றன. 2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்றின்போது, உறுப்பினர்கள் நேரில் வந்தாக வேண்டும் என்ற விதி தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டு, கூட்டங்களே இணையத்துக்கு இடம்பெயர்ந்தன. அதுவரை தயங்கியவர்களுக்கும் இது கடினமான காரியம் அல்ல என்பது அப்போது தெளிவாயிற்று.

இந்த ஒளிபரப்பு எதைக் காட்டவில்லை என்பதையும் அறிந்திருப்பது அவசியம். டென்மார்க்கின் உள்ளூராட்சியில் அன்றாட நிர்வாகத்தின் பெரும்பகுதி நிலைக்குழுக்களின் கையில் உள்ளது. பள்ளிகள், முதியோர் பராமரிப்பு, நகரத் திட்டமிடல் ஆகியவை தனித்தனிக் குழுக்களின் பொறுப்பு. இக்குழுக்களின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் அனுமதிக்கப்படுவதில்லை. கட்சிகள் தமக்குள் பேசி உடன்பாடு காண்பதும் மூடிய அறைகளில்தான். ஆகவே மன்றத்தில் கேமராவின் முன் வந்து சேர்வது பல நேரங்களில் ஏற்கெனவே சமைத்து முடிக்கப்பட்ட உணவே. பரிமாறுவதை நாம் பார்க்கிறோம். சமையலறை கண்ணில் படுவதில்லை.

அப்படியானால் ஒளிபரப்பால் பயனில்லை என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதம் ஏற்கத்தக்கதல்ல. யார் எந்தக் காரணத்தைச் சொல்லி எப்படி வாக்களித்தார் என்பது மன்றத்தில்தான் பகிரங்கமாகிறது. எழுத்து வடிவக் கூட்டக் குறிப்பு பெரும்பாலும் முடிவை மட்டுமே சொல்லும். அதற்கு முன் நிகழ்ந்த வாக்குவாதத்தைச் சொல்லாது. தவிர, வயது வந்த பின் டேனிஷ் மொழி கற்ற ஒருவருக்கு, மண்டபத்தில் அமர்ந்து வேகமான பேச்சைப் பின்தொடர்வதை விட, பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்பதும், புரியாத இடத்தை மகளிடமோ பேரனிடமோ காட்டி விளக்கம் பெறுவதும் எளிது.

புலம்பெயர்ந்தோருக்கு இதில் உள்ள அக்கறை சாதாரணமானதல்ல. 1980களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கைத் தமிழர்கள் டென்மார்க்குக்கு அகதிகளாக வரத் தொடங்கினர். குடியுரிமை இல்லாத நிலையிலும் அவர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது உள்ளூராட்சித் தேர்தல்களில்தான். மூன்று ஆண்டுகள் வசித்த வெளிநாட்டவர் அனைவருக்கும் 1981ஆம் ஆண்டு முதல் அந்த உரிமை வழங்கப்பட்டது. தற்போது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தோரில் பெரும்பாலானோருக்கு இக்காலவரம்பு நான்கு ஆண்டுகளாக உயர்த்தப்பட்டுள்ளது. அகதிகளின் குடியமர்வும் மொழிப் பயிற்சியும் 1999 முதல் உள்ளூராட்சி அமைப்புகளின் பொறுப்பாயின.

2002ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள நாடுகளிலிருந்து வந்தோரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்க வேண்டும் என்ற கடமையிலிருந்து உள்ளூராட்சி அமைப்புகளை அன்றைய அரசு விடுவித்தது. அதற்கான அரச நிதியும் நின்றது. தமிழ் வகுப்பு தொடர்வதா, நிற்பதா என்பது அன்று முதல் ஒவ்வொரு நகரசபையும் எடுக்க வேண்டிய முடிவாகிவிட்டது. பல நகரசபைகள் வகுப்புகளை நிறுத்தின. அந்த முடிவு எந்தக் கூட்டத்தில், எந்தக் காரணங்களுக்காக எடுக்கப்பட்டது என்று கேட்டால், பதில் சொல்லக்கூடிய தமிழ்ப் பெற்றோர் அரிது. இன்று அந்தப் பெற்றோர் முதுமையை எட்டியுள்ளனர். வீட்டு உதவியாளர் வாரத்துக்கு எத்தனை முறை வருவார் என்பது அவர்களின் அடுத்த கவலை. அதையும் தீர்மானிப்பது உள்ளூராட்சியே.

மன்றத்தை மக்கள் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை இணையத்துக்கு முந்தியது. பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் 1960ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் ஆற்றிய முதல் உரையே, உள்ளூராட்சிக் கூட்டங்களுக்குள் செய்தியாளர்களை அனுமதிக்கும் மசோதாவைப் பற்றியது. அம்மசோதா சட்டமாயிற்று. 2014ஆம் ஆண்டு விதிகள், திறந்த கூட்டங்களை எவரும் படம்பிடிக்கும் உரிமையை இங்கிலாந்தில் வழங்கின. வேல்ஸ் மேலும் ஒரு படி சென்றது. முதன்மை நகரசபைகளின் முழு மன்றக் கூட்டங்களை நேரடியாக ஒளிபரப்ப வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அங்கு கட்டாயமாக்கியது. டென்மார்க்கில் மன்றத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பது வேல்ஸில் கடமையாக உள்ளது.

எனினும் கேமராவுக்கும் ஒரு குணம் உண்டு. இங்கிலாந்தின் ஹேண்ட்ஃபோர்த் ஊர் மன்றம் 2020 டிசம்பரில் இணையவழி நடத்திய கூட்டம், இரு மாதங்களின் பின் உலகெங்கும் பரவியது. உறுப்பினர்கள் கூச்சலிட்டதும், கூட்டத்தை நடத்திய ஜாக்கி வீவர் சிலரை வெளியேற்றியதும் கோடிக்கணக்கானோருக்கு நகைச்சுவையாயிற்று. அந்த ஊர் எதைப் பற்றிப் பேசக் கூடியது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் உள்ளூர் மன்றங்களிலிருந்து முகநூலுக்கு வரும் துணுக்குகளில் பெரும்பாலானவையும் நாற்காலி தூக்கும் காட்சிகளே. முழுப் பதிவும் பொதுவில் இருந்தால், துணுக்கைப் பார்த்தவர் மீதியையும் சரிபார்க்கலாம். இல்லையேல் துணுக்கே வரலாறாகிவிடும்.

இலங்கையில் பிரச்சினை இன்னும் அடிப்படையானதாக இருந்தது. 2018இல் தெரிவான சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தபின், 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் தெரிவு செய்த சபைகளே இயங்கவில்லை, அதிகாரிகளே நிர்வகித்தனர். ஒளிபரப்புவதற்கு விவாதமே நடக்கவில்லை. தமிழ்நாட்டில் சட்டமன்றக் கேள்வி நேரத்தின் நேரடி ஒளிபரப்பே 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. இத்தனைக்கும், 10ஆம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையில் வெற்றுக் குடத்தை அனைவரும் காணும்படி உயர்த்திக் காட்ட வேண்டும் என்றும், ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்து வாங்க வேண்டும் என்றும் வகுத்திருந்தது. அந்தச் சபையில் இடம்பெறும் தகுதி ஒரு சிலருக்கே இருந்தது என்பது வேறு விடயம். ஆனாலும் மறைப்பதற்கு இடமிருக்கும் வரை சந்தேகம் தீராது என்பதை அதை எழுதியோர் அறிந்திருந்தனர்.

பிராண்டேயில் வாழும் ஒருவர் நகரசபையைக் கவனிக்கத் தொடங்குவதற்கு ஏற்ற காலம் இலையுதிர் காலம். டென்மார்க்கின் சட்டப்படி உள்ளூராட்சியின் வரவு செலவுத் திட்டம் இரண்டு முறை மன்றத்தின் விவாதத்துக்கு வர வேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது மூன்று வார இடைவெளி இருக்க வேண்டும். அக்டோபர் 15ஆம் தேதிக்குள் அது நிறைவேற்றப்பட வேண்டும். கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் முன்கூட்டியே இணையத்தில் வெளியாகிறது. முதல் விவாதத்தைப் பார்த்துவிட்டு, முதியோர் பராமரிப்புக்கான தொகை குறைகிறது என்று கண்டால், உறுப்பினர் ஒருவருக்குக் கடிதம் எழுதவும், உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு எழுதவும் அந்த மூன்று வாரங்கள் கிடைக்கின்றன. இரண்டாவது விவாதத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த அவகாசம் இருக்காது.