இடுப்பில் திறக்கும் பாதம்

பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள தோணிரேவைச் சொந்த ஊராகக் கொண்டு, சென்னையில் ஒரு கல்லூரியில் முதலாண்டு படித்துவரும் வாசகி ஒருவர் எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கல்லூரி நடன வகுப்பில் இவ்வாண்டு பாலே என்னும் ஐரோப்பிய ஆடற்கலையின் ஆரம்பப் பாடங்களையும் சேர்த்திருக்கிறார்கள். குதிகால்களைச் சேர்த்துப் பாதங்களை வெளிநோக்கி விரித்து நிற்பதும், சுவரோரத்துக் கட்டையைப் பற்றிக்கொண்டு முழங்கால்களை மடக்கி நிமிர்வதும் அன்றி வேறெதுவும் இதுவரை கற்பிக்கப்படவில்லை என்றும், உடன் பயிலும் பெண்கள் சிலருடைய பாதங்கள் ஒரே நேர்கோடாக விரிந்துவிட, தம்முடையவை பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன என்றும், பதினெட்டு வயதில் தொடங்கியதுதான் இந்தக் குறைக்குக் காரணமோ என்றும் அவர் கேட்கிறார். நெடுநாளாக என்னை வியப்பில் ஆழ்த்திவந்த ஒரு சரீர விநோதத்தைப் பற்றி எழுதுவதற்கு இக்கேள்வி நல்ல வாய்ப்பளிக்கிறது. வெண்ணிற உடையும் நுனிவிரல் நடையுமாகப் பாலே எப்படித் தோற்றமளிக்கும் என்பதை எல்லோரும் படங்களில் கண்டிருப்பார்கள். ஆகவே அதை விட்டு, அந்நடை தொடங்குமிடத்துக்கு நேரே செல்கிறேன்.

வயதைப் பற்றிய கவலையை முதலில் அகற்றிவிடலாம். 1904-ஆம் ஆண்டு மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், 1928-இல் ருஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவா பம்பாய்க்கு வந்து ஆடியபோது அவ்வாட்டத்தைக் கண்டு மனம் பறிகொடுத்தவர். பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பலில் அவ்விருவரும் சகபிரயாணிகளாக அமைய, சிநேகம் முதிர்ந்து, பாவ்லோவாவின் குழுவில் முக்கிய நடனமணியாயிருந்த கிளியோ நார்டி என்பவரிடம் பாலேயின் பாலபாடங்களைக் கற்கத் தொடங்கினார். நம் வாசகியினும் அவர் அப்போது சில ஆண்டுகள் மூத்தவர். உன் நாட்டின் கலையை நீ தேடிக் காண வேண்டும் என்று பாவ்லோவா தூண்டியதும், சென்னை சங்கீத வித்வத் சபையில் 1933-இல், இன்று பரதநாட்டியம் எனப்படும் சதிராட்டத்தை முதன்முறையாகக் கண்டதும், மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அக்கலையைப் பயின்றதும், 1935-இல் அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் மேடையேறியதும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தவை. மேடையேறியபோது அவருக்கு வயது 31. மறு ஆண்டிலேயே அவர் நிறுவிய நடனப்பள்ளியான கலாக்ஷேத்திரம் பிறந்தது. நட்டுவனார்களும் தேவதாசிப் பெண்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கலையை அவர் எவ்வாறு மாற்றினார், பாலேயின் சாயல் அதில் எவ்வளவு படிந்தது என்பன பற்றி இன்றும் ரசிகரிடையே வாதம் உண்டு. அதற்குள் நான் புகவில்லை. நுனிவிரலில் நின்றாடி அதையே ஜீவனமாகக் கொள்வோர் சிறுவயதிலேயே தொடங்குகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் கற்கும் இன்பத்துக்காகவும் உடலை அறிவதற்காகவும் வருபவருக்குப் பதினெட்டு வயது பிந்திய வயதன்று.

இனிப் பாதங்களின் விஷயம். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1661-இல் பாரிஸில் நாட்டியக் கழகம் ஒன்றை நிறுவினார். அவருடைய நடன ஆசிரியர் பியேர் போஷாம்ப் வகுத்ததாகச் சொல்லப்படும் ஐந்து பாத நிலைகளே இன்றுவரை உலகெங்கும் முதல் வகுப்பில் கற்பிக்கப்படுகின்றன. ஐந்துக்கும் பொதுவான லட்சணம் பாதங்கள் வெளிநோக்கித் திரும்பியிருப்பது. இதைக் காணும் எவரும் பாதத்தையே பார்ப்பதால், திருப்பம் கணுக்காலில் நிகழ்கிறது என்றே எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது தொடையின் வேரில், எவருடைய கண்ணுக்கும் புலப்படாத இடுப்பு மூட்டுக்குள் நிகழ்கிறது. தொடையெலும்பின் தலை ஒரு பந்து போலத் திரண்டு, இடுப்பெலும்பிலுள்ள ஆழ்ந்த குழிக்குள் பொருந்தியிருக்கிறது. அதனால் எப்பக்கமும் சுழலும் வல்லமை அந்த மூட்டுக்கு உண்டு. முழங்கால் அத்தகையதன்று, கதவின் கீல் போல மடங்கவும் நிமிரவுமே அது படைக்கப்பட்டது. மடங்கிய நிலையில் சிறிதளவு திரும்ப இடங்கொடுக்கும். முற்றும் நிமிர்ந்த பின்னரோ, அதுவும் இல்லை.

காலை ஏன் இப்படி வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும்? மேடையில் சபையை நோக்கியபடியே பக்கவாட்டில் நகர்வதற்கு அது வசதி என்பது ஒரு காரணம். அரசவைக்கு அது கம்பீரமாகத் தோன்றியது மற்றொன்று. இவை இரண்டினும் மேலான மூன்றாவது காரணம் ஒன்று எலும்பிலேயே இருக்கிறது. அதை அறிந்த நாள்முதல் எந்த ஆட்டத்தைக் கண்டாலும் என் பார்வை ஆடுபவரின் இடுப்புக்கே செல்கிறது. வாசகர்கள் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரு நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு, முழங்காற்சில்லு நேரே முன்னோக்கியிருக்கும்படி வலக்காலைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்துங்கள். ஓரளவுக்குமேல் கால் எழ மறுக்கும். எழுவது போலத் தோன்றினால் இடுப்பே மறுபக்கம் சாய்ந்திருக்கும். பிறகு, முழங்காற்சில்லு மேல்நோக்குமாறு காலைத் தொடையின் வேரிலிருந்து வெளிப்புறமாகச் சுழற்றி, மீண்டும் உயர்த்துங்கள். அதே கால், அதே பிரயாசை. ஆயினும் முன்னிலும் உயர்ந்து செல்லும்.

தொடையெலும்பின் மேற்புறத்தில், கழுத்து தண்டோடு கூடுமிடத்தில், வெளிப்பக்கமாகப் புடைத்த எலும்பு மேடு ஒன்று உண்டு. இடுப்பின் பக்கத்தில் கைவைத்து அழுத்தினால் அது தட்டுப்படும். காலைத் திருப்பாமல் பக்கவாட்டில் தூக்கும்போது இம்மேடு மேலேறி, இடுப்பெலும்பை நெருங்கி, அதற்குமேல் வழியின்றி நின்றுவிடுகிறது. காலைச் சுழற்றும்போதோ மேடு பின்புறமாக விலகிக்கொள்ள, தடை நீங்கிக் கால் உயர்கிறது. அரசவை மனிதர்களின் அலங்காரமாகத் தொடங்கிய ஒரு நிலை, அவர்கள் அறிந்தோ அறியாமலோ, உடலின் பூட்டொன்றைத் திறக்கும் சாவியாகவும் அமைந்துவிட்டது. இச்சுழற்சியைச் செய்து காப்பவை பிட்டத்தின் பெருந்தசைக்குக் கீழே ஆழத்தில் கிடக்கும் ஆறு சிறு தசைகள். இவற்றை எழுப்பிப் பணிசெய்யப் பழக்குவதே ஆரம்ப மாதங்களின் வேலை; கண்ணாடியில் அது தெரிவதில்லை. ஒன்றும் கற்பிக்கவில்லை என்று நம் வாசகிக்குத் தோன்றியதற்கு இதுவே காரணம்.

பாதங்கள் ஒருவருக்கு நேர்கோடாகவும் மற்றொருவருக்குப் பாதியளவிலும் விரிவதேன் என்பதற்கும் விடை எலும்பில்தான் இருக்கிறது. நேர்கோடு வேண்டுமெனில் ஒவ்வொரு காலும் 90 பாகை திரும்ப வேண்டும். சாதாரண மனிதரின் இடுப்பு மூட்டு ஏறத்தாழ 45 பாகையே கொடுக்கும். குழியின் ஆழமும் அது நோக்கும் திசையும், தொடையெலும்பின் கழுத்து முன்புறமாக முறுக்கிக்கொண்டிருக்கும் அளவும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. அந்த முறுக்கு பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 40 பாகையாக இருந்து, வளர வளரக் குறைந்து, பெரியவர்களுக்கு 15 பாகை அளவில் நிலைபெறுகிறது. அதன்பின் எந்த அப்பியாசத்தாலும் அது மாறுவதில்லை. ஆகவே உடன் பயிலும் பெண்களின் பாதங்களோடு தம் பாதங்களை ஒப்பிட்டு வருந்துவது, அவர்களுடைய உயரத்தோடு தம் உயரத்தை ஒப்பிட்டு வருந்துவதற்குச் சமம். அன்றியும், அந்த நேர்கோடுகளில் எத்தனை இடுப்பிலிருந்து வந்தவை, எத்தனை வேறிடத்திலிருந்து திருடப்பட்டவை என்பதையும் பார்க்க வேண்டும்.

அத்திருட்டு நடக்கும் விதம் இது. இடுப்பு மூட்டின் முன்புறத்தில், தலைகீழாக எழுதிய ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில், உடலிலேயே வலிமை மிக்க தசைநார் ஒன்று இருக்கிறது. நாம் அதிகத் தசைப்பிரயாசையின்றி நெடுநேரம் நிமிர்ந்து நிற்க முடிவதற்கு அதன் பிடிப்பே பெருங்காரணம். கால் அளவுக்குமேல் வெளிப்புறம் திரும்பாமல் தடுப்பதும் அதுவே. முழங்காலை மடக்கித் தாழும்போது இடுப்பும் சற்று மடங்குவதால் இந்தத் தசைநார் தளர்கிறது. தளர்ந்த வேளையில் பாதங்கள் தாராளமாக விரிகின்றன. ஆர்வம் மிகுந்த மாணவி, தாழ்ந்த நிலையில் பாதங்களை நன்றாக விரித்து, தரையில் அவற்றை ஊன்றி அசையாமல் நிறுத்திக்கொண்டு அப்படியே நிமிர்கிறாள். நிமிரும்போது தசைநார் மீண்டும் இறுகித் தொடையை உள்நோக்கி இழுக்கிறது. பாதமோ தரையில் பதிந்து வெளிநோக்கி நிற்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்ட முழங்கால் முறுக்கப்படுகிறது. உள்ளங்காலின் வளைவு சரிந்து, உடற்பாரம் பெருவிரற்பக்கம் சாய்கிறது. அன்றைக்கு வலியொன்றும் இல்லாமலிருக்கலாம். நாள்தோறும் செய்தால் வலி வந்தே தீரும்.

இதே இடத்தில் நம் பரதமும் நிற்கிறது. அரைமண்டி என்னும் தாழ்நிலையில் தொடைகள் இடுப்பிலிருந்து திறந்து, முழங்கால்கள் பாத விரல்களின் நேர்மேலே பக்கவாட்டில் செல்ல வேண்டும் என்பதும், குதிகால் தரையிலிருக்கப் பாதியளவு தாழும் பாலே நிலையில் முழங்கால் விரல்களின் மேலே செல்ல வேண்டும் என்பதும் ஒரே விதி. சிதம்பரம் கோபுர வாயில்களிலுள்ள கரணச் சிற்பங்களிலும் இடுப்பின் இந்தத் திறப்பைக் காணலாம். நோக்கந்தான் வேறு: பாலே தாழ்வது மேலெழுவதற்காக, நம் ஆட்டம் அந்தத் தாழ்விலேயே குடியிருந்து, நட்டுவனாரின் தட்டுக்கழி ஓசைக்குத் தட்டடவு என்னும் அடிவைப்பைத் தரையில் பதிக்கிறது. முழங்காலை மடக்குவதன் பயனை ஏரிக்கரையாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆழம் குறைந்த பழவேற்காட்டு ஏரியில் தோணியின் பின்முனையில் நின்று கழியூன்றிச் செல்பவர், பாதங்களை அகற்றி, முழங்கால்களைத் தளர்த்தி, இடுப்பைத் தாழ்த்தியே நிற்பார். இளவயதில் அப்படியொரு தோணியில் விறைத்த கால்களோடு எழுந்து நின்ற என்னை, முதலில் முழங்காலை விடு தம்பி என்று கழியூன்றிய பெரியவர் அதட்டியது நினைவிருக்கிறது. அசையும் பலகைமேல் தாங்குவது மடங்கிய முழங்காலே. உயரக் குதித்து இறங்கும் நர்த்தகியைத் தரையின் அடியிலிருந்து காப்பதும் அதுவே. பாலேயில் எந்தத் தாவலும் மடங்கிய காலில் தொடங்கி மடங்கிய காலில் முடிவது இதனால்தான்.

இவ்வளவு நுட்பமான பயிற்சி நம் கல்லூரிகளில் எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதை எண்ணும்போது வருத்தமே மேலிடுகிறது. கலாக்ஷேத்திரத்தில் பட்டயம் பெற நான்கு ஆண்டுகள் பயில வேண்டும். அடவுகளே அதன் அஸ்திவாரம். பல கல்லூரிகளிலோ ஜூலையில் வகுப்பைத் தொடங்கி, ஆண்டுவிழாவுக்குள் மேடையில் ஏதேனும் காட்டியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஆசிரியரை விரட்டுகிறது. அவர் மாணவியரை விரட்டுகிறார். மாணவியைக் குப்புறப் படுக்கவைத்துத் தவளை போலக் கால்களை விரிக்கச் செய்து, இன்னொருத்தி ஏறி அழுத்தும் வழக்கத்தை நான் ஒரு வகுப்பில் நேரிலேயே கண்டிருக்கிறேன். எலும்பு கொடுக்காததை அழுத்தத்தால் வாங்க முடியாது. வாங்கியதாகத் தோன்றினால் அது மூட்டின் சேதமே. மரச்சட்டங்களின்மேல் சற்று நெகிழும்படி அமைக்கப்படும் தளம் பாலேக்கு அலங்காரமன்று, அவசியம். இங்கே சிமெண்டுத் தரையிலும் பளிங்கிலும் குதிக்கச் சொல்கிறார்கள். இணையத்தில் விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காக நுனிவிரற் காலணியை வாங்கி முதல் வருஷத்திலேயே அணிந்துகொள்வதும் நடக்கிறது. பல ஆண்டுப் பயிற்சியால் கணுக்காலும் பாதமும் உரமேறிய பிறகு, ஆசிரியரே பார்த்துச் சம்மதித்தால் மட்டும் அணிய வேண்டிய பொருள் அது. கட்டையைப் பற்றிக்கொண்டு ஓராண்டு முழுவதும் தாழ்ந்து நிமிர்வதையே கற்பிக்கும் ஆசிரியர் இருந்தால், அவரை நிர்வாகம் ஆதரிக்க வேண்டும். ஆண்டுவிழாவில் ஒரு நிகழ்ச்சி குறைந்தால் கல்லூரிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

நம் வாசகிக்கு நான் சொல்வது இவ்வளவே. பாதங்களை இணையாக வைத்து நேரே நில்லுங்கள். குதிகாலை ஊன்றி இரு கால்களையும் தொடையின் வேரிலிருந்தே திருப்புங்கள். முழங்காற்சில்லு எங்கே நோக்கி நிற்கிறதோ அதுவே உங்களுடைய அளவு. பாதம் அதைத் தாண்டிச் செல்ல வேண்டாம். தாழும்போது முழங்கால் இரண்டாம் விரலின் மேலே செல்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். உங்களுக்குப் பாதியளவு போதும். பாதியளவில் திறந்த கால்களோடு அழகாக ஆடலாம். முழங்காலின் உட்புறத்தில் வலி தோன்றினால், மறைக்காமல் அன்றைக்கே பயிற்சியை நிறுத்தி ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.