படத்தின் பின்புறம் ஒரு பெயர்

இடம்பெயர்ந்த பெண்களிடம், "வெளிக்கிடும்போது எதை எடுத்துக்கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், நகை இருந்தால் நகை, கைக்குழந்தைக்குப் பால்மா, சமைக்க ஒரு பானை. படங்களை எடுத்து வந்தவர்கள் குறைவு. அவை சுவரில் மாட்டியபடியே இருந்தன. இரண்டு மூன்று நாளில் திரும்பி வந்துவிடலாம் என்ற நம்பிக்கையில், வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தவர்களே அதிகம்.

1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய மக்களுக்கு அந்த இரண்டு மூன்று நாள், இருபது இருபத்தைந்து வருடங்களாக நீண்டது. உறவினர் வீடுகளிலும் நலன்புரி நிலையங்களிலும் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, திருமணமும் செய்துவிட்டது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில்தான் விடுவிக்கப்பட்டது. இன்னும் விடுவிக்கப்படாத காணிகளும் உள்ளன.

நானும் இடம்பெயர்வுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைதான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, இப்போது சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். வலிகாமம் வடக்கில் மீளக்குடியமர்ந்த ஒரு கரையோரக் கிராமத்தின் மாதர் சங்கத்துடன் சேர்ந்து, சில வருடங்களாக ஊரின் பழைய படங்களைத் தேடித் திரட்டி, அவற்றின் கதைகளை எழுதிவைத்து வருகிறோம். இதை எந்தக் கிராமத்துப் பெண்களும் செய்யலாம் என்பதாலேயே இங்கு எழுதுகிறேன். இதற்குப் பெரிய பணமோ பெரிய படிப்போ தேவையில்லை. ஆனால் காலம் தாழ்த்த முடியாது.

ஊர் இருந்ததற்குச் சாட்சி

காணி விடுபட்டு ஊருக்குப் போனவர்கள் கண்டது பற்றைக் காட்டைத்தான். வீடுகள் இடிந்திருந்தன. வேலிகள் இல்லை. ஒழுங்கைகள் மறைந்திருந்தன. அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர்கள்கூட, தாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தடுமாறினார்கள். எமது கிராமத்தில் ஒரு குடும்பத்துக்கு அப்போது உதவியது, வெளிநாட்டில் இருக்கும் மாமி ஒருவர் அனுப்பிய கல்யாணப் படம். மணமக்களுக்குப் பின்னால் ஒரு கிணறும் அதன் துலாவும், பக்கத்து வீட்டுத் திண்ணையின் தூணும் தெரிந்தன. அந்தக் கிணற்றை அடையாளமாக வைத்து, அயலில் இருந்த மூன்று வளவுகளின் எல்லைகளையும் பெரியவர்கள் பேசித் தீர்த்தார்கள்.

ஒரு படம் காணி உறுதி ஆகிவிடாது. காணிப் பிணக்கு என்று வந்தால் உறுதியும் நில அளவை வரைபடமும்தான் வேண்டும். ஆயினும் இங்கே மனிதர் வாழ்ந்தார்கள், இந்த முற்றத்தில் கல்யாணம் நடந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அந்தப் படத்தை விட்டால் எம்மிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பது உலகுக்குத் தெரியும். அதன் பின்னர் நடந்த ஒவ்வொரு இடம்பெயர்விலும் வீடு வீடாக அழிந்த அல்பங்களை எவரும் எண்ணவில்லை. நூல் எரிந்தால் அதன் இன்னொரு பிரதி எங்காவது கிடைக்கக்கூடும். அம்மம்மாவின் ஒரேயொரு படம் போனால் போனதுதான்.

பெயர் தெரிந்தவர்கள் யார்?

படம் தேடத் தொடங்கியபோது நாம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்தன. றங்குப் பெட்டிகளின் அடியில், சாமித் தட்டில், வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளின் வீடுகளில் என்று பல இடங்களிலிருந்து வந்தன. ஆனால் பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தாலும் ஆண்களின் பெயர்களே இருந்தன. பெண்கள் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாயார்" என்றுதான் குறிக்கப்பட்டிருந்தார்கள்.

ஒரு நாள் எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவரிடம் பாடசாலைக் கட்டடத் திறப்பு விழாப் படமொன்றைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பின்வரிசையில் நின்ற பன்னிரண்டு பெண்களின் பெயர்களையும் ஒன்றுவிடாமல் சொன்னார். யார் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர், யார் நன்றாகப் பாடுவார், யார் பிள்ளைப்பேற்றில் இறந்தவர் என்பதையும் சொன்னார். "இவ்வளவையும் நினைவில் வைத்திருக்கிறீர்களே அம்மா" என்றேன். "எனக்கு எல்லாம் தெரியும் பிள்ளை. இவ்வளவு நாளும் என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

அன்று முதல் எமது சங்கத்தில் ஒரு விதி வைத்துக்கொண்டோம். படத்தில் உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். உறவு முறையைப் பிறகு எழுதலாம்.

ஒரு பெயர் என்ன செய்யும் என்பதையும் கண்டோம். எமது சங்க உறுப்பினர் ஒருவரின் தாயார் யாழ்ப்பாண நகரில் உள்ள பெண்கள் பாடசாலை ஒன்றில் படித்தவர். அவருடைய வகுப்புப் படத்தில் இரண்டு முஸ்லிம் மாணவிகளும் இருந்தார்கள். 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்களும் போக நேர்ந்தது. தாயாருக்கு இருவரின் பெயர்களும் நினைவிருந்தன. தெரிந்தவர்களிடம் விசாரித்ததில் ஒருவர் புத்தளத்தில் இருப்பது தெரியவந்தது. படத்தின் பிரதியை அனுப்பினோம். தனது சிறுவயதுப் படம் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை என்றும், பேரப்பிள்ளைகள் இப்போதுதான் தன்னைச் சிறுமியாகப் பார்க்கிறார்கள் என்றும் அவர் தொலைபேசியில் சொன்னார்.

காலத்தைக் கண்டுபிடிப்பது

"இது எந்த வருடம்?" என்று நேரடியாகக் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எமது பெண்களிடம் வேறொரு நாட்காட்டி உண்டு. "புயலுக்கு முதலோ பிறகோ?" என்று கேட்டால் உடனே சொல்வார்கள். வடக்கில் அது 1964 டிசம்பர்ப் புயல். மட்டக்களப்பில் கேட்டால் 1978 நவம்பர்ப் புயல். "வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போன காலம்" என்றால், இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970 களின் முற்பகுதி. "இந்தியன் ஆமி நின்ற நேரம்" என்றால் 1987 க்கும் 1990 க்கும் இடைப்பட்ட காலம். மூத்த பிள்ளை வயிற்றில் இருந்ததா, கையில் இருந்ததா என்பதும் ஒரு கணக்குத்தான்.

படத்திலும் தடயங்கள் இருக்கும். இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் தெரிந்தால் அது 1958 க்குப் பிந்தியது. காங்கேசன்துறையில் ரயில் நிற்கும் படமென்றால், 1990 க்கு முந்தியதாகவோ, மீண்டும் ரயில் ஓடத் தொடங்கிய 2015 க்குப் பிந்தியதாகவோ இருக்கும். மூலையில் ஸ்ரூடியோவின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். நிச்சயமில்லாத இடத்தில் "ஏறத்தாழ" என்று எழுதுங்கள். இருவர் இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, சொன்னவர்களின் பெயர்களையும் குறித்து வையுங்கள்.

படமே இல்லாதவர்கள்

படங்களைச் சேர்க்கச் சேர்க்க ஒரு விடயம் கண்ணில் பட்டது. சில வீடுகளிலிருந்து முப்பது நாற்பது படங்கள் வந்தன. ஊரின் ஒரு பகுதியிலிருந்து ஒன்றும் வரவில்லை. அந்த நாளில் ஸ்ரூடியோவுக்குப் போய்ப் படம் எடுக்கப் பணம் வேண்டும். கூலி வேலை செய்தவர்களும், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களும் படத்துக்குள் வரவில்லை. கோயில் திருவிழாப் படத்தில் அவர்கள் இல்லை; உள்ளே வர விடப்படவில்லை. கிடைத்த படங்களை மட்டும் வைத்து இதுதான் எமது ஊரின் வரலாறு என்று சொன்னால், அன்று ஒதுக்கியவர்களை இன்று நாமும் ஒதுக்குகிறோம் என்றே பொருள்படும்.

ஆகவே அந்தப் பகுதிப் பெண்களுடன் இருந்து, பெரிய தாளில் அவர்களுடைய குடியிருப்பை வரைந்தோம். எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள், எதில் அள்ள விடப்படவில்லை, எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்கள், எந்த மரத்தின் கீழ்ப் பிள்ளைகளைக் கிடத்தினார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்லக் குறித்தோம். குரலையும் பதிவு செய்தோம். இப்போது அவர்களைப் படமும் எடுத்து வைத்திருக்கிறோம். சில பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. "பழசைக் கிளறி என்ன பிரயோசனம்?" என்றார்கள். கிணற்றுக் கதையைச் சொன்ன பெண்களோ, அதை எழுதித்தான் ஆகவேண்டும் என்றார்கள். எழுதினோம்.

யார் பார்க்கலாம்?

போரால் பாதிக்கப்பட்ட ஊரில் படம் என்பது வெறும் நினைவுப்பொருள் அல்ல. ஒரு காலத்தில் படத்துக்குப் பயந்து அதை எரித்தவர்களும் மண்ணில் புதைத்தவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். எனவே ஒருவர் படத்தைத் தந்துவிட்டார் என்பதற்காக அதை எல்லோருக்கும் காட்ட முடியாது.

2009 இல் மகனைத் தொலைத்த ஒரு தாய் இரண்டு படங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, மகன் பதினொரு வயதில் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் கிண்ணம் வாங்கும் படம். மற்றது பின்னாளில் எடுத்தது. அதை வெளியே எடுக்கும்போதே அவருடைய கை நடுங்கியது. "அவனை ஊர்ப் படத்தில இருந்து விட்டிடாதேங்கோ பிள்ளை. ஆனா இதை ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம்" என்றார். முதல் படம் பெயருடன் தொகுப்பில் இருக்கிறது. இரண்டாவதை நாம் பிரதிகூட எடுக்கவில்லை. ஒரு நல்ல கடித உறையில் இட்டு அவரிடமே கொடுத்தோம். எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பதை அந்தத் தாயே தீர்மானிக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு படத்துக்கும் மூன்றில் ஒன்றைக் கேட்டுக் குறிக்கிறோம்: எல்லோரும் பார்க்கலாம், ஊரவர் மட்டும் பார்க்கலாம், குடும்பத்தவர் மட்டும் பார்க்கலாம். தந்தவர் எந்த நேரத்திலும் மனம் மாறலாம். காரணம் கேட்பதில்லை.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தியபடி வெயிலிலும் மழையிலும் இருந்த தாய்மாரை நாம் கண்டோம். அச்சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் இருப்பது ஒரேயொரு படம் என்றால் அதைக் கொண்டு திரியாதீர்கள். நல்ல பிரதி எடுத்து அதைக் கொண்டு செல்லுங்கள். மூலப் படம் வீட்டில் இருக்கட்டும்.

படங்களைக் காப்பது எப்படி?

எமது அனுபவத்தில் பயன்பட்ட சில குறிப்புகளைக் கீழே தருகிறேன்.

படத்தின் முகப்பைக் கைவிரலால் தொடாமல் ஓரத்தில் பிடியுங்கள். வெயிலும் ஈரமும் அதற்கு எதிரிகள். சமையலறைச் சுவரிலும் சாமி விளக்குக்கு நேரேயும் மூலப் படத்தை மாட்ட வேண்டாம்.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் மெல்ல எழுதலாம். பேனை வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வரும். வழுவழுப்பான கலர்ப் படத்தில் பென்சில் பிடிக்காது. அதற்கு ஒரு கடித உறையில் விபரத்தை எழுதி, பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.

கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தையும், பசைத் தாள் அல்பத்தில் ஒட்டிய படத்தையும் இழுத்துப் பிய்க்காதீர்கள். இருந்தபடியே பிரதி எடுங்கள். வெள்ளத்தில் நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், சுத்தமான தண்ணீரில் சிறிது நேரம் விட்டு மெல்லப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் துணியின்மேல் காயவிடுங்கள்.

ஸ்கானர் கிடைத்தால் சிறிய படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் எடுங்கள். கிடைக்காவிட்டால் கைத்தொலைபேசி போதும். படத்தை யன்னலோரம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். பின்புறத்தையும் எடுக்க மறக்க வேண்டாம். ஒரு பிரதி சங்கத்தில், ஒன்று குடும்பத்தில், இன்னொன்று ஊருக்கு வெளியே என்று மூன்று இடங்களில் இருக்கட்டும். ஒரே இடத்தில் வைத்து இழந்தவர்கள் நாம். எல்லோரும் பார்க்கலாம் என்று சம்மதம் கிடைத்த படங்களை, 2005 முதல் எமது ஆவணங்களைச் சேர்த்துவரும் "நூலகம்" எண்ணிம நூலகம் போன்ற இடங்களுக்கும் கொடுக்கலாம்.

இன்றே தொடங்குங்கள்

இந்த வேலையைத் தொடங்கிய பின்னர் எமக்குப் பெயர் சொல்லித் தந்த அம்மாமார் சிலர் காலமாகிவிட்டார்கள். ஒவ்வொருவரும் போகும்போது, இனி எவராலும் அடையாளம் காணமுடியாத முகங்கள் சில படங்களில் தங்கிவிடுகின்றன. தொலைந்த படம் எங்காவது ஒரு உறவினர் வீட்டிலிருந்து திரும்பி வரலாம். மறந்த பெயர் அப்படி வராது.

ஆகவே சகோதரிகளே, பெரிய திட்டத்துக்காகவோ உதவி நிறுவனத்துக்காகவோ காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு படத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு, அயலில் உள்ள வயது முதிர்ந்த அம்மா ஒருவரிடம் போங்கள். அவர் சொல்லும் பெயர்களை எழுதுங்கள். அவருடைய பெயரையும், "எனது பெயர் எதற்கு?" என்று அவர் மறுத்தாலும், சம்மதம் கேட்டு எழுதுங்கள். படம் இல்லாத வீட்டுக்கும் ஒரு நாள் போங்கள். எமது ஊர்களின் கதையை நாமே எழுதாவிட்டால், எம்மைத் தெரியாத எவரோ தமக்குத் தெரிந்தபடி எழுதிவிட்டுப் போவார்கள்.