மிஸ்ஸி வேண்டும், மகளை அனுப்ப மாட்டோமா?



நம் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ நாள் நெருங்கினால், "வாட்டில் நம்மட பிள்ளைகள் யாரும் மிஸ்ஸியாக இருக்கிறார்களா?" என்று விசாரிக்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே வீட்டில் உயர்தரம் சித்தியடைந்த மகள், "தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டுமா வாப்பா?" என்று கேட்டால், "அந்த வேலை நமக்குச் சரிவராது" என்று வாயை அடைத்துவிடுகிறோம். இந்த இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நமக்குச் சேவை வேண்டும். சேவை செய்யும் கை மட்டும் வேறு வீட்டிலிருந்து வர வேண்டும்!

கட்டில் விரிப்பதும் கல்விதான்

தாதித் தொழில் என்றால் ஊசி போடுவதும் கட்டில் விரிப்பதும்தான் என்று எண்ணுவோர் உண்டு. அதற்கு மூன்று ஆண்டுப் பயிற்சி எதற்கு? கொழும்பில் 1939ஆம் ஆண்டு தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. இன்று பதுளையிலும் அப்படியொரு பயிற்சி நிலையம் உண்டு. மாணவியர் உடலமைப்பையும் நோய்களையும் மருந்துகளையும் வகுப்பில் படிக்கிறார்கள். படித்ததை வாட்டில் நோயாளியின் அருகே நின்று பழகுகிறார்கள்.

பயிற்சிக்கு வந்த புதிதில், விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்துவிடுவது அழகுக்காக என்று தோன்றும். வாட்டில் பழுத்த தாதிக்கோ படுத்திருப்பவரின் முதுகுத்தோல்தான் நினைவுக்கு வரும். எழும்ப முடியாதவருக்குச் சுருக்கமும் ஈரமும் சேர்ந்தால் தோல் கெட்டுப் படுக்கைப்புண் வரும். அதனால்தான் அவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள்.

மருந்து கொடுப்பதும் அப்படித்தான். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் பார்த்த பின்பே கை நீள வேண்டும். ஒரே வாட்டில் இரண்டு பாத்திமாவும் இரண்டு லெட்சுமியும் படுத்திருப்பது புதுமையல்ல. பெயரை மட்டும் கேட்டு மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும்? ஆகவேதான் டிக்கட்டைப் பார்த்து, ஆளைப் பார்த்து, மீண்டும் மருந்தைப் பார்க்கிறார்கள். அது அமானத்தைக் காக்கும் பழக்கம்.

பிரசவம் முடிந்த பிறகு

பிள்ளை பிறந்துவிட்டால் நாம் இனிப்பு வாங்க ஓடுகிறோம். மிஸ்ஸிக்கு அப்போதுதான் கவலை கூடுகிறது. பிரசவத்துக்குப் பின் 500 மில்லிலீற்றருக்கு மேல் இரத்தம் போனால் அது ஆபத்தின் அறிகுறி. முதல் இரண்டு மணி நேரத்தில் அடிக்கடி நாடி பார்க்கிறார்கள். கருப்பை கல்லுப் போல இறுகியிருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். இரத்த அழுத்தம் குறைவதற்கு முன்பே நாடி வேகமெடுத்துவிடலாம். அந்தச் சிறு மாற்றத்தைக் கண்டு டொக்டரை அழைப்பதில் ஒரு தாயின் உயிர் இருக்கிறது.

ஊவாவின் தோட்டத் தாய்மாருக்கு இந்தக் கவனம் இன்னும் அவசியம். மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண், லயத்திலிருந்து தோட்ட டிஸ்பென்சரிக்கும், அங்கிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கும் வளைந்த பாதையில் வந்து சேர வேண்டும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையில் பிள்ளை பிறப்பது தோட்டப் பகுதிகளில் கூடுதல் என்பதைச் சுகாதாரக் கணக்கெடுப்புகள் காட்டியிருக்கின்றன.

வந்து சேர்ந்த பின்னும் ஒரு தடை உண்டு. அது மொழி. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் நடுச்சாமத்தில், "கண்ணு இருட்டுது மிஸ்ஸி" என்று மெல்லச் சொல்லும் தோட்டத்துப் பெண்ணுக்குச் சட்டப் புத்தகம் பதில் சொல்லாது. அந்தச் சொல் விளங்குகிற ஒரு தாதி பக்கத்தில் இருக்க வேண்டும். சிங்களத் தாதியர் பலர் தமிழ் பழகி அன்போடு பணி செய்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்வோம். நம் ஊவாப் பிள்ளைகளோ வீட்டில் தமிழும் கடைத்தெருவில் சிங்களமுமாக வளர்பவர்கள். நோயாளியின் சொல்லையும் வைத்தியரின் சொல்லையும் இணைக்கும் பாலமாக இருக்கக்கூடிய நாவை அல்லாஹ் அவர்களுக்குத் தந்திருக்கிறான். அந்த நிஃமத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கலாமா?

ஸஹாபிப் பெண்மணிகளின் பணி

இது நம் மார்க்கத்துக்குப் புதிய பணி அல்ல. ஹிஜ்ரி 5இல் அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்தபோது, அவர்கள் மஸ்ஜிதுந் நபவியில் இருந்த கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டார்கள். அங்கே காயமுற்றோருக்கு மருந்திட்டவர் ருபைதா அல் அஸ்லமிய்யா (ரழி) என்று வரலாறு கூறுகிறது. உம்மு அதிய்யா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஏழு போர்களுக்குச் சென்று உணவு சமைத்தார்கள், காயத்துக்கு மருந்திட்டார்கள், நோயாளரைக் கவனித்தார்கள். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் லண்டனில் தாதியர் பள்ளி திறந்த 1860ஆம் ஆண்டுக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய செய்தி இது.

ஹிஜ்ரி 505இல் வபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் வைத்தியத்தை பர்ளு கிபாயா என்று கணிக்கிறார்கள். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகும் கடமை அது. பிக்ஹு படிக்கப் போட்டியிடும் மக்கள், முஸ்லிம் வைத்தியர் இல்லாத ஊர்களைப் பற்றிக் கவலைப்படவில்லையே என்று அவர்கள் அன்றே வருந்தினார்கள். இன்று அந்த வருத்தம் நமக்கும் பொருந்தும்.

தடைகளைப் பேசித் தீர்ப்போம்

இரவு வேலை, சீருடை, கல்யாணப் பேச்சு என்று பெற்றோர் தயங்குவது எனக்கும் விளங்குகிறது. உடை விடயத்தை முன்கூட்டியே நிர்வாகத்திடம் மரியாதையாகப் பேசலாம். இரவு வேலைக்கு வாப்பாவோ நானாவோ கொண்டு விடலாம். மருமகள் தாதி என்றால் முகம் சுளிக்கும் மாமிமார், தாங்கள் படுக்கையில் விழுந்தால் யார் கை தேவைப்படும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கட்டும்!

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் மகள் உள்ள தாய்மாரே! வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வரும்போது கவனியுங்கள். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் இப்போதே பழக்குங்கள். நல்ல நிய்யத்தோடு அனுப்பி வையுங்கள். அவள் தொட்டுத் தூக்கும் ஒவ்வொரு நோயாளியின் துஆவும் உங்கள் வீட்டுக்கும் வந்து சேரும், இன்ஷா அல்லாஹ்.