வெளிநாட்டில் தாதியர் பட்டம்: தாயகத்தில் பதிவு பெறுவது எவ்வாறு?

மருத்துவம் பயில வெளிநாடு செல்லும் மாணவர் தொடர்பில் எமது சமூகத்தில் ஓரளவு தெளிவு உண்டு. ரஷ்யாவிலோ, சீனாவிலோ, பங்களாதேஷிலோ மருத்துவப் பட்டம் பெற்று நாடு திரும்புபவர் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைந்த பின்னரே உள்ளகப் பயிற்சிக்குச் செல்ல முடியும் என்பதைப் பெற்றோரில் பலரும் அறிவர். எந்தப் பல்கலைக்கழகத்தை அச்சபை ஏற்றுக்கொள்கின்றது என்று விசாரித்த பின்னரே பணம் கட்டுகின்றனர். தாதியர் கல்வி என்று வரும்போது அந்த விசாரிப்பு காணாமற் போய்விடுகின்றது. "நான்கு வருடப் பட்டம், ஆங்கில மொழி மூலம், வந்தவுடன் வேலை" என்ற முகவரின் வார்த்தையே போதுமானதாகிவிடுகின்றது. நான்கு வருடங்களும் பெற்றோரின் சேமிப்பும் கரைந்த பின்னரே, பட்டம் என்பது வேறு, தொழில் புரிவதற்கான அனுமதி என்பது வேறு என்ற உண்மை தெரியவருகின்றது.

உள்நாட்டில் இத்துறைக்குள் நுழையும் வழிகள் குறுகியவை என்பதில் ஐயமில்லை. சுகாதார அமைச்சின் கீழுள்ள தாதியர் கல்லூரிகளின் மூன்று வருடப் பயிற்சிக்கு, வர்த்தமானி அறிவித்தலின் பேரில், க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றின் அடிப்படையில் ஆட்சேர்ப்பு நடைபெறுகின்றது. அரச பல்கலைக்கழகங்கள் சில தாதியர் பட்டப் படிப்பை நடத்துகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் அவற்றுள் அடங்கும். எனினும் விரும்புவோர் அனைவருக்கும் அங்கு இடமில்லை. எனவேதான் சென்னைக்கும் பெங்களூருக்கும் அதற்கப்பாலும் எமது பிள்ளைகள் செல்கின்றனர். இவர்களைவிட இன்னொரு பிரிவினரும் உளர். போர்க்காலத்தில் தமிழ்நாட்டுக்கு இடம்பெயர்ந்து, முகாம்களில் வளர்ந்து, அங்கேயே தாதியர் கல்வியை முடித்தவர்கள். தாயகம் திரும்ப எண்ணும் அவர்களுக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினையாகும்.

இலங்கையில் தாதியராகப் பணியாற்ற விரும்பும் ஒருவர் மூன்று வெவ்வேறு நிறுவனங்களைக் கடக்க வேண்டியிருக்கின்றது. ஒன்றின் ஒப்புதல் மற்றையதைக் கட்டுப்படுத்தாது. இதனை விளங்கிக்கொள்ளாமையே குழப்பங்களிற் பெரும்பாலானவற்றின் மூலமாகும்.

பட்டத்தை அங்கீகரிக்கும் விடயம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவைச் சார்ந்தது. பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் சங்கமும் சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் சங்கமும் வெளியிடும் பட்டியல்களைக் கொண்டே வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றை ஆணைக்குழு பொதுவாக மதிப்பிடுகின்றது. இங்கு கவனிக்க வேண்டியது, பட்டம் வழங்குவது யார் என்பதாகும். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் தனியார் தாதியர் கல்லூரிகள் உள்ளன. அவற்றின் பட்டத்தைப் பெரும்பாலும் சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமே வழங்குகின்றது. பல்கலைக்கழகம் அங்கீகாரம் உடையது என்பதனால் அதன் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கும் கல்லூரியும் தாதியர் பயிற்சிக்கு அனுமதி பெற்றது என்று கொள்ளலாகாது. கல்லூரியின் அனுமதியை அந்நாட்டுத் தாதியர் சபையிடம் தனியே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். மூன்று வருட டிப்ளோமாவோ பட்டம் அல்லாதபடியால் ஆணைக்குழுவின் வரம்புக்குள்ளேயே வராது.

தொழில் அனுமதி வழங்கும் அதிகாரம் இலங்கைத் தாதியர் சபைக்குரியது. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட சபை இது. இச்சபை பார்ப்பது பட்டத்தின் பெயரை மாத்திரமன்று. எங்கே, எந்தப் பாடவிதானத்தின் கீழ், எவ்வளவு காலம் நோயாளரின் கட்டிலருகே பயிற்சி பெற்றார் என்பதே தாதியர் பதிவின் அடிப்படை. கொழும்பில் இருந்துகொண்டே பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றின் தாதியர் பட்டத்தை ஒரே வருடத்தில் பெறலாம் என்ற விளம்பரங்களை இந்த நோக்கிலேயே பார்க்க வேண்டும். அத்தகைய மேலதிக வருடப் படிப்புகள் ஏற்கனவே பதிவுபெற்ற தாதியரின் கல்வித் தகைமையை உயர்த்துவதற்காக வடிவமைக்கப்பட்டவை. பதிவில்லாத ஒருவரை அவை பிரித்தானியாவிலேயே பதிவுபெற்ற தாதியாக்குவதில்லை. முதியோர் பராமரிப்பு, தாதி உதவியாளர் ஆகிய பயிற்சிகளைப் பற்றியும் இதையே கூறலாம். அவை பயனுள்ள தொழில்கள். ஆனால் தாதியர் பதிவுக்கு வழியாக மாட்டா.

அடுத்து, படித்த நாட்டிலேயே பதிவு பெற்றீரா என்ற கேள்வி எழுகின்றது. வேறு நாட்டில் பயின்றவர் விண்ணப்பிக்கும்போது, அவர் பயின்ற நாட்டின் தாதியர் சபையிடம் உறுதிப்படுத்தல் கோருவது உலகெங்கும் உள்ள நடைமுறை. இந்தியாவில் பட்டப் படிப்பை முடித்தவர் அந்தந்த மாநிலத் தாதியர் சபையிலேயே பதிவு செய்துகொள்கின்றார். அரசாங்கத்துக்கு அரசாங்கம் இம்முறை வேறுபடுகின்றது. பிலிப்பைன்ஸில் பட்டம் பெற்ற பின்னர் தொழில் அனுமதிக்கென அரசு நடத்தும் பரீட்சையில் தனியாகச் சித்தியடைய வேண்டும். 2002ஆம் ஆண்டின் பிலிப்பைன்ஸ் தாதியர் சட்டத்தின்படி வெளிநாட்டவர் அப்பரீட்சைக்குத் தோற்றுவதானால், அவரது நாடு பிலிப்பைன்ஸ் தாதியருக்கு அதே வாய்ப்பை வழங்க வேண்டும். ஆகவே அங்கு சிறப்பாகப் பட்டம் பெற்றும், அந்நாட்டுப் பதிவின்றி வெறுங்கையுடன் திரும்பும் நிலை ஒருவருக்கு ஏற்படலாம். இதனைக் கல்லூரியில் சேர்வதற்கு முன்னர் கேட்பவர் மிகச் சிலரே.

இந்தியாவில் பயின்றோர் எதிர்நோக்கும் வேறொரு வித்தியாசமும் உண்டு. அங்கு தாதியர் கல்வியும் மகப்பேற்றுப் பராமரிப்பும் ஒரே படிப்பாக இணைந்துள்ளன. பதிவுச் சான்றிதழிலும் தாதி, மருத்துவமாது என்ற இரண்டு தகுதிகளும் இடம்பெறும். இலங்கையில் இவை இரு தொழில்கள். மருத்துவமாதரைப் பதிவு செய்வது இலங்கை மருத்துவ சபை. எனவே இந்தியச் சான்றிதழில் இரண்டு தகுதிகள் இருப்பதைக்கொண்டு இங்கு இரண்டும் ஒரே கருமபீடத்தில் கிடைத்துவிடும் என எதிர்பார்க்க இயலாது.

ஆவணங்களைப் பொறுத்தவரையில் பலரும் தவறவிடுவது பயிற்சி மணித்தியாலங்களின் விபரத்தையே. புள்ளிப் பட்டியல் மாத்திரம் போதாது. மருத்துவ விடுதி, சத்திரசிகிச்சை, சிறுவர் பிரிவு, உளநலம், சமூக சுகாதாரம் ஆகிய ஒவ்வொன்றிலும் வகுப்பறையில் எத்தனை மணித்தியாலம், வைத்தியசாலையில் எத்தனை மணித்தியாலம் என்று கல்லூரி அதிபரின் ஒப்பத்துடன் பெற்றுக்கொள்ள வேண்டும். இதன் முக்கியத்துவத்துக்கு ஓர் உதாரணம்: ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் பொதுத் தாதியர் கல்விக்கு மூன்று வருடங்களையும் 4,600 மணித்தியாலங்களையும் குறைந்தபட்ச எல்லையாக வகுத்துள்ளன. அதிற் குறைந்தது அரைவாசி நேரடிப் பயிற்சியாக இருத்தல் வேண்டும். இங்கு பதிவு பெற்ற பின் நாளை வேறொரு நாட்டுக்குச் செல்ல நினைப்பவரிடமும் இதே விபரம் கேட்கப்படக்கூடும். கல்லூரியை விட்டு வெளியேறி ஐந்து வருடங்களின் பின் அதிபரும் மாறி, பதிவேடும் எங்கேயோ போய்விட்ட நிலையில் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட, விடைபெறும் நாளிலேயே முத்திரையிட்ட உறையில் இரண்டு மூன்று பிரதிகளைக் கையோடு எடுத்துவருவது மேல்.

முகாம்களிலிருந்து திரும்புவோரின் சிக்கல் இன்னும் ஆழமானது. பாடசாலைச் சான்றிதழில் பெயருக்கு முன் ஓர் எழுத்து, பட்டத்தில் தந்தையின் முழுப்பெயர், இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டல் என்றிருக்கும். தமிழரின் முதலெழுத்து முறையும், முஸ்லிம்களின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் பல வகைகளும் அதிகாரிகளுக்கு இரு வேறு நபர்களாகத் தோன்றுவதுண்டு. பெயர் ஒன்றே என்பதற்கான சத்தியக்கடதாசியை முற்கூட்டியே ஆயத்தம் செய்ய வேண்டும். இந்தியாவில் பிறந்த பிள்ளையாயின் முதலில் பிரஜாவுரிமை. வெளிநாட்டில் இலங்கையருக்குப் பிறந்த பிள்ளையின் பிறப்பு 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகரகத்தின் ஊடாகச் சமர்ப்பிக்கலாம். இது முடியாமல் தேசிய அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாமல் தொழிற் பதிவும் இல்லை. கல்விச் சான்றிதழ்களை அந்நாட்டில் உறுதிப்படுத்தி, இலங்கைத் தூதரகத்தின் முத்திரையும் பெற்று வந்தால் கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அலைச்சல் குறையும். நாடு திரும்பிய பின் ஒரு முத்திரைக்காக மீண்டும் கடல் கடக்க எத்தனை குடும்பங்களுக்கு வசதியுண்டு?

பதிவு கிடைத்தாலும் அரச வைத்தியசாலையில் நியமனம் தானாக வந்துவிடாது. அரச நியமனங்கள் தாதியர் சேவைப் பிரமாணக்குறிப்புக்கும் அவ்வப்போது வெளியாகும் வர்த்தமானிக்கும் உட்பட்டவை. வயதெல்லையும் உயர்தரப் பெறுபேறும் அங்கு மீண்டும் குறுக்கிடக்கூடும். இந்தியப் பாடசாலையில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர் அதனை இலங்கையின் உயர்தரத்துக்குச் சமமாகக் கொள்வதற்கான கடிதத்தைப் பெற வேண்டியவராகின்றார். தனியார் வைத்தியசாலைகளே பலருக்கும் முதலில் திறக்கும் கதவு.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் மருத்துவத் துறையினர் பெருமளவில் நாட்டை விட்டு வெளியேறியதை யாவரும் அறிவோம். மலையகத்திலும் வடக்கு, கிழக்கிலும் தமது நோவைத் தமது மொழியில் சொல்லத் தவிக்கும் நோயாளரின் நிலை அதற்கு முன்பிருந்தே உள்ளது. வாட்டில் இரவு வேளையில் வைத்தியரைவிட அதிக நேரம் அருகிலிருப்பது தாதியே. தமிழ் அறிந்த, பயிற்சி பெற்ற ஒருவர் ஆவணமொன்றின் குறைபாட்டினால் கடையொன்றில் கணக்கெழுதிக்கொண்டிருப்பது நாட்டுக்கு நட்டமாகும். தகுதியில்லாதவரைப் பதிவு செய்யுமாறு எவரும் கோரவில்லை. நோயாளரின் உயிர் சம்பந்தப்பட்ட விடயத்தில் சபை கண்டிப்பாக இருப்பதே முறை. ஆயினும் ஏற்றுக்கொள்ளப்படும் வெளிநாட்டுக் கல்லூரிகள் எவை, கோரப்படும் மணித்தியாலங்கள் எத்தனை, குறைவாயின் எந்த வைத்தியசாலையில் எத்தனை மாதம் பயிற்சி பெற்று அதனை நிவர்த்திக்கலாம் என்பன மும்மொழிகளிலும் பகிரங்கமாக இருத்தல் அவசியம். அதனைச் சுகாதார அமைச்சு செய்ய வேண்டும்.

இப்போது கல்லூரி தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள், கல்லூரியின் பெயரையும் பாடவிதானத்தையும் குறிப்பிட்டு இலங்கைத் தாதியர் சபைக்கு ஒரு கடிதம் எழுதட்டும். எழுத்தில் பதில் வந்த பின்னர் முகவருக்குப் பணம் செலுத்தலாம்.