கூகுளில் முதலிடத்தைக் காசு கொடுத்து வாங்க முடியுமா?

"மாசம் 10,000 ரூபாய் கொடுங்க, கூகுள்ல ஃபர்ஸ்ட் கொண்டு வர்றோம்." வெப்சைட் வைத்திருக்கும் சிறு கடைக்காரர்கள் பலருக்கும் பழகிய போன் கால் இது. பணம் அனுப்பும் முன் ஒரு நிமிஷம்: முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. காசுக்குக் கிடைப்பது விளம்பர இடம்தான். அது வேற கணக்கு.

மெட்டா டேக்கில் கீவேர்டுகளை அடுக்கித் தருவதாகச் சொன்னால் சிரிச்சிட்டு போனை வைங்க. ரேங்கிங்குக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

முதலில் சர்ச் கன்சோலில் பதிவு செய்யுங்கள், இலவசம்தான். உங்கள் பக்கம் கூகுளில் ஏறியிருக்கிறதா, என்ன தேடி வந்தார்கள் என்பது அதில் தெரியும். பக்கத் தலைப்பு வெறும் 'ஹோம்' என்று இருக்கா? 'கோரமங்களாவில் பிளவுஸ் தையல்' என்று, வாடிக்கையாளர் தேடும் வார்த்தைகளிலேயே மாற்றுங்கள். பலன் தெரிய சில மாதங்கள்கூட ஆகலாம்.