முன்பதிவும் மக்களின் ஓவியக்கூடமும்

புகழ்பெற்ற ஓவியங்களை நேரிற் காண்பதற்கு இன்று ஆர்வம் மட்டும் போதாது, முன்பதிவும் அவசியமாகியுள்ளது. பாரிஸ் நகரின் லூவர் நூதனசாலை இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

1989 இல் திறக்கப்பட்ட அதன் கண்ணாடிப் பிரமிட் வாயில், ஆண்டுக்குச் சுமார் 40 இலட்சம் பார்வையாளரைக் கருத்திற்கொண்டே அமைக்கப்பட்டது. 2018 இலோ ஒரு கோடிக்கும் அதிகமானோர் அங்கு சென்றனர். ஆகவே, நாளொன்றுக்கு 30 ஆயிரம் பேர் என்ற வரையறை பின்னர் விதிக்கப்பட்டது. இணையத்தளத்தில் திகதியையும் நேரத்தையும் தெரிவுசெய்து நுழைவுச்சீட்டைப் பெற்றவர், குறித்த நேரத்திலிருந்து அரைமணித்தியாலத்திற்குள் உட்செல்ல வேண்டும்.

ஆயினும், முன்பதிவு வாயிலிலுள்ள வரிசையைக் குறைக்குமேயன்றி, மோனாலிசாவின் முன்னாலுள்ள நெரிசலைத் தீர்ப்பதில்லை. அவ்வோவியத்திற்கெனத் தனி மண்டபமும் தனி நுழைவுச்சீட்டும் ஏற்படுத்தப்படுமென 2025 ஜனவரியில் பிரெஞ்சு ஜனாதிபதி அறிவித்தமைக்கு இதுவே காரணமாகும்.

ஒழுங்கு தேவையென்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தைச் சேராதவர்களுக்கான கட்டணம் 22 யூரோவிலிருந்து 32 யூரோவாக உயர்த்தப்பட்டுள்ளது. அவ்வலயத்தில் வதியும் 26 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி இலவசம். அதே வயதுடைய எமது பல்கலைக்கழக மாணவரோ முழுக்கட்டணத்தையும் செலுத்த வேண்டும்.

மன்னரின் சேகரிப்பை மக்களின் உடைமையாக்கி 1793 இல் திறக்கப்பட்ட இடம் அது. மக்கள் என்ற சொல்லுக்கு எல்லை வகுப்பது முறையாகுமா என்பதே எமது கேள்வி. கலை கற்கும் மாணவருக்கேனும், அவர் எந்நாட்டவராயினும், சலுகை வழங்குவதே அவ்வரலாற்றுக்குப் பொருத்தமானதாகும்.