யானைக்கும் கொம்பு, மாட்டுக்கும் கொம்பு

இணையப் படக் காப்பகத்தில் ஒரு சிற்பத்தின் படம் தேடுபவர் கைக்குக் கிடைக்குமா என்பது, அதோடு சேர்த்து எழுதப்படும் குறிச்சொல்லைப் பொறுத்தது. குறிச்சொல் இல்லாத படம் பரணில் போட்ட ஏடு மாதிரி. கோயில், ஊர், காலம் ஆகியவற்றுக்குக் குறிச்சொல் எழுதுவதில் பெரிய சிக்கல் இல்லை. சிற்பத்திலுள்ள விலங்குக்கும் அதன் உறுப்புகளுக்கும் எழுத உட்காரும்போதுதான் விவாதம் தொடங்குகிறது. அந்த விவாதத்தின் எல்லா முடிச்சுகளையும் கொங்கு நாட்டுக் கற்களிலேயே பார்க்கலாம்.

கோவையை அடுத்த பேரூர் பட்டீசுவரர் கோயிலின் கனகசபை, நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் தூண் சிற்பங்களில் ஒன்று கஜசம்ஹார மூர்த்தி: யானையை உரித்து அதன் தோலைப் போர்த்திய சிவன். இவ்வகைச் சிற்பத்தில் யானையின் தலை சிவனின் காலடியில் கிடக்கும். தோல் முதுகுக்குப் பின்னால் விரிந்திருக்கும். அதன் ஓரங்களில் யானையின் கால்கள் தொங்கும். முழு யானை எங்கும் இல்லை. 'யானை' என்று குறித்துவிட்டால், யானைச் சிற்பம் தேடி வருபவருக்கு ஒரு தோல்தான் கிடைக்கும். 'கஜசம்ஹாரம்' என்று மட்டும் குறித்தால், கதை தெரியாதவர் அந்தப் படத்தை எட்டவே முடியாது. 'யானைத் தலை', 'யானைத் தோல்' என்று உறுப்பையும் அதன் நிலையையும் தனித்தனியே எழுதுவதே சரியான வழி. உயிருள்ள விலங்கின் உறுப்பும் உரித்த விலங்கின் உறுப்பும் ஒரே குறிச்சொல்லில் அடங்கக் கூடாது.

பெயர் போதுமா, உறுப்பும் வேண்டுமா என்ற கேள்வி பெரிய காப்பகங்களிலும் உண்டு. 2004இல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸில், ஒரு படத்தை மிகக் குறிப்பான பகுப்பில் மட்டும் சேர்க்க வேண்டும், அதன் தாய்ப் பகுப்பிலும் சேர்க்கக் கூடாது என்பது விதி. மீன்கொத்தியின் படம் 'மீன்கொத்தி'யில் இருந்தால் போதும், 'பறவை'யில் வேண்டாம். படம் எதைக் காட்டுகிறது என்று தனித் தரவாகப் பதியும் வசதி 2019இல் அங்கே வந்தபோது, இதே கேள்வி மறுபடி எழுந்தது. மீன்கொத்திக்கு அந்த விதி பொருந்தும். யாளிக்குப் பொருந்தாது. சிங்க உடலோடு துதிக்கையும் சேர்ந்த யாளியை எந்தத் தாய்ப் பகுப்பின் கீழ் வைப்பது? துதிக்கை உள்ளதா இல்லையா என்பதை வைத்தே யானை யாளியும் சிம்ம யாளியும் பிரிகின்றன. உறுப்பைக் குறிக்காமல் விட்டால் இந்த வேறுபாடே காப்பகத்தில் அழிந்துபோகும்.

இன்னொரு முடிச்சு, கண்ணால் கண்டதற்கும் கேட்டு அறிந்ததற்கும் உள்ள இடைவெளி. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் புலிக்குத்திக் கற்கள் பல நிற்கின்றன. பட்டியைக் காக்கப் புலியோடு மோதி இறந்த வீரனுக்கு நட்ட கல். ஈட்டி பாய்ந்த விலங்கு பின்னங்கால்களில் எழுந்து வீரன்மேல் பாயும். மழையிலும் வெயிலிலும் தேய்ந்த கல்லில் நீண்ட வாலும் திறந்த வாயும் தெரியும், வரி தெரியாது. ஊர் வழக்கு அதைப் புலி என்கிறது. சிறுத்தையையும் புலி என்றே சொல்வது இப்பகுதி வழக்கம். இங்கே இரண்டு குறிச்சொற்கள் தேவை: கண்டது தனியாக, மக்கள் சொல்வது தனியாக. ஒன்றுக்காக மற்றொன்றை அழிப்பது பெரிய இழப்பு. வருங்கால ஆய்வாளருக்கு இரண்டுமே சான்று.

விலங்கு எதுவென்று தெளிவாகத் தெரிந்த இடத்திலும் தமிழில் வரும் ஒரு தொல்லை உண்டு. யானையின் தந்தத்தைக் கொம்பு என்பது மக்கள் வழக்கு. கொம்பன் என்றால் தந்தமுள்ள ஆண் யானை. சங்கச் செய்யுளில் மருப்பு என்ற சொல் யானைத் தந்தத்துக்கும் மாட்டுக் கொம்புக்கும் வரும். ஆகவே 'கொம்பு' என்று தேடினால் காங்கேயம் காளையும் காட்டு யானையும் கலந்து வந்து நிற்கும். பாம்புக்கு வந்தால் சிக்கல் இன்னும் முற்றும். திருச்செங்கோட்டு மலைப்படியோரம் 60 அடி நீளத்தில் ஐந்தலை நாகம் பாறையில் செதுக்கப்பட்டு, மஞ்சளும் குங்குமமுமாக இருக்கிறது. அதன் தலைப்பகுதிக்குத் தமிழில் 'படம்'. படக் காப்பகத்திலோ எல்லாமே படம்தான். 'பாம்புப் படம்' என்று எழுதினால் எதைக் குறிக்கிறோம் என்பது எழுதியவருக்கே தெளிவாக இராது. 'படமெடுத்த நாகம்', 'தலை ஐந்து, உடல் ஒன்று' என்று விரித்து எழுதினால்தான் பொருள் நிற்கும்.

இதற்கு ஒரு வழி, சொல்லுக்கு அடியில் எண்ணை வைப்பது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி வான் டி வால் உருவாக்கிய ஐகன்கிளாஸ் என்ற பட வகைப்பாட்டு முறையில் விலங்குகளுக்கு 25F, கற்பனை விலங்குகளுக்கு 25FF என்று குறியீடு உண்டு. 2012இல் வந்த விக்கித்தரவு என்னும் தரவுத்தளத்திலும் ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எண் இருக்கிறது. யானைத் தந்தத்துக்கு ஓர் எண் கொடுத்து, அதன்மேல் தந்தம், கொம்பு, மருப்பு மூன்றையும் ஏற்றலாம். மாட்டுக் கொம்புக்கு வேறோர் எண் கொடுத்து, கொம்பு என்ற சொல்லை அங்கேயும் ஏற்றலாம். தேடுபவர் தம் ஊர்ச் சொல்லிலேயே தேடலாம்; கொம்பு என்றதும் எந்தக் கொம்பு என்று காப்பகமே அவரிடம் கேட்கும்.

கடைசியாக, எந்த உறுப்பைக் குறிக்காமல் விடலாம் என்பது. எல்லா மாட்டுக்கும் வால் உண்டு. ஒவ்வொரு படத்திலும் 'வால்' என்று எழுதினால் அந்தச் சொல்லுக்குப் பயனில்லை. இயல்பாக உள்ளதை விட்டு, பெரிதாகக் காட்டியதையும் உடைந்ததையும் இல்லாததையும் மட்டும் குறிப்பது பொதுவான ஏற்பாடு. ஆனால் இயல்பு என்பது இடத்துக்கு இடம் மாறும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நிற்கும் காங்கேயம் காளைக்குத் திமில் இயல்பு. அதைக் குறிக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றாது. ஐரோப்பிய மாட்டினங்களுக்குத் திமில் இல்லை. இரண்டு நாட்டுப் படங்களும் ஒரே இடத்தில் சேரும் காப்பகத்தில் திமிலைக் குறித்தே ஆக வேண்டும். அந்த உறுப்புக்கு எழுத வேண்டிய சொல்லும் திமில்தான். முதுகு மேடு, தோள் வீக்கம் என்று புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.